ரங்கூனின் காலை உணவு, பாரிமுனையின் மாலைக் கடை

பர்மாவில் பொழுது விடிந்ததும் சாப்பிடுவது மொஹிங்கா. ஆற்று மீனை வேகவைத்து முள் நீக்கி உதிர்த்து, இஞ்சி, பூண்டு, எலுமிச்சைப்புல் போட்டுக் கொதிக்கவிட்டு, வறுத்த அரிசி மாவோ கடலை மாவோ கரைத்து ஊற்றிக் கெட்டியாக்கும் குழம்பு அது. வட்ட வட்டமாக நறுக்கிய வாழைத்தண்டு அதிலேயே வெந்திருக்கும். கிண்ணத்தில் அரிசிச் சேமியாவைப் போட்டு மேலே குழம்பை ஊற்றிக் கொடுப்பார்கள். ரங்கூன் தெருமுனைகளில் அதிகாலையிலேயே கூட்டம் கூடிவிடும். மில்லுக்கும் துறைமுகத்துக்கும் போகிறவர்களுக்கு வழியிலேயே மலிவாக வயிறு நிறையும் சாப்பாடு இதுதான்.

அதே பண்டத்தை வடசென்னையில் காலையில் தேடினால் எளிதில் கிடைக்காது. பீச் ஸ்டேஷனுக்கு எதிரே பர்மா பஜாரை ஒட்டிய செகண்ட் லைன் பீச், ராயபுரம், வியாசர்பாடி, திருவொற்றியூர், எண்ணூர் என்று பர்மா சாப்பாட்டுக் கடைகளும் தள்ளுவண்டிகளும் இருக்கும் இடங்களில் பெரும்பாலும் வெயில் தாழ்ந்த பிறகுதான் வியாபாரம் சூடு பிடிக்கும். மொஹிங்கா இங்கே மொய்ங்கா ஆகிவிட்டது; முதலிடமும் அதற்கு இல்லை, கையால் பிசைந்து தரும் நூடுல்ஸான அத்தோவுக்கு. குழம்பு, அத்தோவுக்குத் தொட்டுக்கொள்ளும் வாழைத்தண்டு சூப்பாகிவிட்டது. மீனைக் காணோம். ஒரு நாட்டின் காலைச் சாப்பாடு இன்னொரு ஊரின் சாயங்காலத் தீனியாக மாறியது எப்படி? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால் பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்களின் வரலாற்றில் அரசுக் கோப்புகள் எழுதாத ஒரு பகுதி பிடிபடுகிறது என்று நினைக்கிறேன்.

1824-ல் தொடங்கி 1885 வரை மூன்று போர்களில் பர்மாவைப் பிடித்த ஆங்கிலேயர் 1937 மார்ச் வரை அதை இந்தியாவோடு சேர்த்தே ஆண்டார்கள். ஐராவதி ஆற்றின் கழிமுகத்தைத் திருத்தி நெல் விளைவிக்க ஆளும் வேண்டியிருந்தது, பணமும் வேண்டியிருந்தது. பணம் செட்டிநாட்டிலிருந்து போனது. ஆள் தஞ்சை, இராமநாதபுரம், தென்னார்க்காடு, ஆந்திரக் கடலோரம் என்று பல மாவட்டங்களிலிருந்து போனது. மேஸ்திரிகள் முன்பணம் கொடுத்து ஆள் சேர்த்துக் கப்பலேற்றினார்கள். 1931 மக்கள்தொகைக் கணக்குப்படி பர்மாவில் இருந்த இந்தியர் 10 லட்சத்துக்கும் மேல். ரங்கூன் நகரத்தின் 4 லட்சம் பேரில் பாதிக்கு மேற்பட்டோர் இந்தியர். 1930-களின் பொருளாதார வீழ்ச்சியில் கடன் கட்ட முடியாத பர்மிய உழவர்களின் நிலம் கைமாறி, கீழ்ப்பர்மா நெல் வயல்களில் ஏறத்தாழ கால் பங்கு செட்டியார்கள் பெயருக்கு வந்தது. அதன் கசப்பு கூலிக்குப் போன ஏழைத் தமிழன் தலையிலும் விழுந்தது. 1930-லும் 1938-லும் ரங்கூனில் நடந்த கலவரங்களில் அடிபட்டவர்களில் துறைமுகக் கூலிகளும் சிறு கடைக்காரர்களும் உண்டு.

பர்மாவிலிருந்து திரும்பியவர்கள் என்றதும் நம் நினைவுக்கு வருவது 1942. ஜப்பான் குண்டு வீச, லட்சக்கணக்கானோர் அரக்கான் மலைகளையும் மணிப்பூர்க் காடுகளையும் கால்நடையாகக் கடந்தார்கள். பல்லாயிரம் பேர் வழியிலேயே மடிந்தார்கள். ‘பராசக்தி’ படத்தின் கதை தொடங்குவதும் அந்தப் போர்க்காலத்து ரங்கூனில்தான். ஆனால் வடசென்னையின் அத்தோ வண்டிகளுக்கு மூலம் 1942 அல்ல. அதற்கு இருபது ஆண்டுகள் பிந்தியது.

1962 மார்ச் 2-ல் ஜெனரல் நே வின் ஆட்சியைப் பிடித்தார். 1963-ல் வங்கிகள் நாட்டுடைமையாயின. 1964 மார்ச்சில் கடைகளும் கிடங்குகளும் எடுத்துக்கொள்ளப்பட்டன. அதே ஆண்டு மே 17-ல் 50 கியாட், 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். பெட்டிக்கடை வைத்திருந்த குடும்பம் இரண்டே மாதத்தில் கடையையும் இழந்தது, கைக்காசையும் இழந்தது. பணமோ நகையோ கொண்டுவரக் கடுமையான கட்டுப்பாடு. 1963 ஜூனுக்குப் பிறகு பர்மாவிலிருந்து தமிழ்நாட்டுக்குத் திரும்பியவர்கள் ஏறத்தாழ 1.44 லட்சம் பேர் என்கிறது மாநில அரசின் கணக்கு. இவர்களில் மிகப் பலர் அங்கேயே பிறந்தவர்கள். ‘தாயகம் திரும்பியோர்’ என்று அரசு பெயர் வைத்தாலும், சென்னைத் துறைமுகத்தில் இறங்கியபோதுதான் அந்தத் தாயகத்தை முதன்முறையாகப் பார்த்தார்கள்.

முதலமைச்சர் பக்தவத்சலத்தின் ஆட்சிக்காலம் அது. வியாசர்பாடியில் அவர் பெயரிலேயே ஒரு குடியிருப்பு எழுந்தது; இன்று பி.வி. காலனி என்கிறோம். எண்ணூர் பக்கத்திலும் குடியிருப்புகள் வந்தன. காரைக்குடி, திருச்சி என்று வேறு ஊர்களிலும் பர்மா காலனிகள் தோன்றின. வடசென்னையில் குடியமர்த்தியதற்குக் காரணம் உண்டு. துறைமுகத்தை ஒட்டி வடக்கே போகப் போக மணல்வெளியும் சதுப்புமாக அரசு நிலம் கிடைத்தது. ஆலைகளும் அங்கேதான் பெருகிக்கொண்டிருந்தன. எண்ணூரில் அசோக் லேலண்ட், திருவொற்றியூரில் என்ஃபீல்டு, எம்.ஆர்.எஃப்., விம்கோ தீப்பெட்டி ஆலை, சற்றுத் தள்ளி மணலியில் 1969-ல் இயங்கத் தொடங்கிய எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை, 1970-ல் எண்ணூர் அனல்மின் நிலையம். ஆனால் ஆலை வாசலில் நின்றவர்கள் எல்லோருக்கும் ஆலையில் வேலை கிடைக்கவில்லை. ரங்கூனில் கடை வைத்துப் பிழைத்த மனிதருக்கு நாற்பது வயதில் லேத் பட்டறை வேலை யார் கொடுப்பார்கள்?

வியாபாரம் தெரிந்தவர்கள் வியாபாரத்துக்கே திரும்பினார்கள். 1969-ல் பீச் ஸ்டேஷனுக்கு எதிரே, இன்றைய ராஜாஜி சாலையின் நடைபாதையில் பர்மா பஜார் உருவானது. அதே ஆண்டு நவம்பரில் மத்திய அரசு, பர்மாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் திரும்பியவர்களுக்கென்றே ஒரு கூட்டுறவு வங்கியைச் சென்னையில் தொடங்கியது. ரெப்கோ வங்கி என்று இன்று நாம் அறிவது அதுதான். கடை ஒதுக்கீடு, கடன், வீட்டுமனை ஆகியவற்றுக்குக் கோப்பு உண்டு. கடை கிடைக்காதவர்களும் கடனுக்கு ஈடு காட்ட முடியாதவர்களும் என்ன செய்தார்கள் என்பதற்குக் கோப்பு இல்லை. அவர்களில் சிலர் அடுப்பு மூட்டினார்கள்.

செகண்ட் லைன் பீச்சில் ஒரு வண்டியின் பக்கத்தில் கால் மணி நேரம் நின்றால் இந்தத் தொழிலின் நுணுக்கம் தெரியும். முன்னால் ஒரு தட்டில், செம்மஞ்சள் நிறத்தில் தடித்த மைதா நூடுல்ஸ், வேகவைத்து எண்ணெய் பிசறி மலைபோலக் குவித்திருக்கும். சுற்றிலும் கிண்ணங்கள்: நூலாகச் சீவிய முட்டைகோஸ், பச்சை வெங்காயம், பொன்னிறமாக வறுத்த வெங்காயம், வறுத்த பூண்டு, வறுத்த கடலை மாவு, இடித்த காய்ந்த மிளகாய், உப்பு, புளிக்கரைசல், கொத்தமல்லி, பூண்டு வறுத்து எடுத்த எண்ணெய். “அண்ணே, ஒரு அத்தோ, காரம் கம்மியா” என்று குரல் கேட்டதும் ஒரு பாத்திரத்தில் ஒவ்வொன்றிலும் ஒரு பிடி விழும். பேஜோ என்கிற மொறுமொறு தட்டை ஒன்றை உள்ளங்கையில் நொறுக்கிப் போடுவார். பிறகு கையாலேயே பிசைவார். கரண்டி கிடையாது. நூடுல்ஸ் அறுபடாமல், கடலை மாவு திட்டுத் திட்டாக நிற்காமல், புளி அடியில் தேங்காமல் எல்லாம் ஒன்றோடொன்று ஏறும்வரை விரல்கள் அடியிலிருந்து மேலாகப் புரட்டிக்கொண்டே இருக்கும். அரை நிமிடத்தில் தட்டு கைக்கு வரும். கூடவே ஒரு கிண்ணம் வாழைத்தண்டு சூப். “அக்கா, இன்னும் கொஞ்சம் சூப் ஊத்துங்க” என்று கேட்டால் முகம் சுளிக்காமல் ஊற்றுவார்கள். பக்கத்தில் அவித்த முட்டையை நடுவில் கீறி, வறுத்த வெங்காயமும் பூண்டும் மிளகாயும் புளித்தண்ணீரும் நிரப்பி நீட்டுவார்கள்; அப்படியே வாயில் போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

இந்தக் கிண்ணங்களைப் பர்மியக் கடையோடு ஒப்பிட்டுப் பார்த்தால் எது தங்கியது, எது போனது என்று தெரிகிறது. வறுத்த கடலை மாவு தங்கியிருக்கிறது. பூண்டெண்ணெய், புளி, வறுத்த வெங்காயம், வாழைத்தண்டு ஆகியவையும் அப்படியே இருக்கின்றன. கையால் பிசையும் முறை அச்சு மாறாமல் நிற்கிறது. முக்கியமாகப் போனவை இரண்டு: மீனும், அதைப் புளிக்கவைத்து அரைத்த ங்கப்பியும்.

காசிமேடு மீன்பிடித் துறைமுகம் கூப்பிடு தூரத்தில் இருக்க, மீன் குழம்பிலிருந்து மீன் போனது வியப்பாகத்தான் இருக்கிறது. கிடைக்காததால் போகவில்லை. மொஹிங்காவுக்கு அங்கே பயன்படுவது கெளுத்தி இனத்து ஆற்று மீன். கடல் மீனின் ருசி வேறு என்பது ஒரு காரணமாகலாம். அதைவிடப் பெரிய காரணம் வாடிக்கையாளர் என்பது என் கணிப்பு. பர்மா பஜாரையும் பாரிமுனையையும் ஒட்டிய தெருக்களில் வந்து சாப்பிட்டவர்களில் சௌகார்பேட்டை வணிகர்கள் உண்டு, கோவிலுக்கு மாலை போட்டவர்கள் உண்டு, வெள்ளி செவ்வாயில் கவுச்சி தொடாதவர்கள் உண்டு. ங்கப்பி மணத்துக்குப் பழகாத மூக்கு அதைச் சகிக்காது. அண்டாவில் மீன் இல்லையென்றால் எல்லோரும் வரலாம். குழம்பும் சீக்கிரம் கெடாது. முட்டையைத் தனியாக வைத்துவிட்டால் வேண்டியவர் எடுத்துக்கொள்வார். வீட்டில் வைக்கும் மொய்ங்காவையும் தெருவில் விற்கும் சூப்பையும் இப்படிப் பிரித்துக்கொண்டதால்தான் வண்டி பிழைத்தது. அரிசிச் சேமியாவுக்குப் பதில் மைதா நூடுல்ஸ் வந்ததும் இதே போக்குதான். உள்ளூரிலேயே பிழிந்து அவித்து வைக்கலாம், நெடுநேரம் நின்றாலும் குழையாது, விலையும் மலிவு.

இனி நேரத்துக்கு வருவோம். காலை உணவு மாலைக்கு ஏன் நகர்ந்தது? மூன்று காரணங்கள் ஒன்றோடொன்று பின்னியிருப்பதாகத் தோன்றுகிறது. வடசென்னையின் காலையை இட்லி ஏற்கெனவே பிடித்து வைத்திருந்தது. தெருவுக்குத் தெரு ஓர் ஆயா கடை, நாலு இட்லி, வடகறி, ஒரு டீ என்று விடியும் ஊரில் நூடுல்ஸ் குழம்பை வைத்துக்கொண்டு காலையில் உட்கார்ந்தால் யார் நிற்பார்கள்? காலைச் சாப்பாட்டில் மனிதர்கள் பிடிவாதக்காரர்கள். புதியதைச் சுவைத்துப் பார்க்கும் துணிச்சல் மாலையில்தான் வரும். அடுத்தது பர்மா பஜாரின் நேரம். வெளிநாட்டு வாசனைத் திரவியமும் கடிகாரமும் டேப் ரிக்கார்டரும் வாங்க ஊரின் நாலா பக்கமிருந்தும் வந்தவர்கள் அலுவலகம் முடிந்து வந்தார்கள். துறைமுகத்தில் பகல் ஷிப்ட் முடிந்து வருபவரும், பீச் ஸ்டேஷனில் மின்சார ரயில் பிடிக்கப் போகும் குமாஸ்தாவும் அந்த வழியாகவே நடந்தார்கள். மூன்றாவது காரணம் வீட்டுக்குள் இருக்கிறது, என் பார்வையில் அதுவே முதன்மையானது.

அத்தோ விற்பது அரை நிமிட வேலை. தயாரிப்பது ஒரு பகல் முழுதும் பிடிக்கும் வேலை. வெங்காயம் உரித்துச் சீவி, தண்ணீர் வற்றும்வரை சிறு தீயில் வறுக்க வேண்டும். பூண்டு ஒரு கணம் கருகினாலும் அன்றைய எண்ணெய் முழுக்கக் கசக்கும். வாழைத்தண்டை நார் எடுத்து நறுக்கி, மோரில் போட்டு வைத்துப் பிறகு வேகவிட வேண்டும். கடலை மாவை வாசனை வர வறுத்துச் சலிக்க வேண்டும். பேஜோ பொரிக்க வேண்டும். கூலிக்கு ஆள் வைத்தால் இந்த விலைக்கு விற்க முடியாது. மாமியார் உரிக்க, மருமகள் வறுக்க, பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளை முட்டை உரிக்க, அப்பா வண்டியைத் தள்ளிக்கொண்டு போக, ஒரு குடும்பமே சேர்ந்தால்தான் கணக்கு தேறும். ரங்கூனில் காலையில் விற்கக் குடும்பம் இரவெல்லாம் விழித்திருந்தது. இங்கே காலனி வீடுகளில் தண்ணீர் பிடிப்பதும் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவதும் முடிந்த பிறகு, பகலில் இந்த வேலை நடக்க முடிந்தது. ஆகவே கடை மாலைக்குப் போனது. வண்டியில் நிற்பவரின் கை மட்டும்தான் நம் கண்ணில் படுகிறது. அதற்குப் பின்னால் பெண்களின் உழைப்பு எட்டு மணி நேரம் நிற்கிறது. இந்தத் தொழிலைப் பற்றி எழுதியவர்கள் வண்டியோடு நின்றுவிட்டார்கள், வீட்டுக்குள் போகவில்லை என்ற குறை எனக்குண்டு.

பர்மாவிலிருந்து வேறொரு காலை உணவும் தமிழ்நாட்டுக்கு வந்திருக்கிறது: கவுனி அரிசி. கருஞ்சிவப்பு நிறத்தில் ஒட்டும் தன்மையுள்ள இந்த அரிசியைப் பர்மாவில் வேகவைத்துத் தேங்காய்த் துருவலும் எள்ளும் தூவிக் காலையில் சாப்பிடுவார்கள். செட்டிநாட்டு நகரத்தார் அதைக் கொண்டுவந்து சர்க்கரையும் தேங்காயும் நெய்யும் சேர்த்துத் தங்கள் திருமணப் பந்தியின் இனிப்பாக்கினார்கள். அது பர்மாத் தேக்குத் தூண்களோடு செட்டிநாட்டு வீடுகளுக்குள் போனது. இன்று சமையல் புத்தகங்களில் இருக்கிறது, பெரிய ஓட்டல்களின் பட்டியலில் இருக்கிறது. முதலாளியின் காலை உணவு விருந்தாயிற்று. கூலியின் காலை உணவு நடைபாதைக்கு வந்தது. இரண்டுமே ஒரே கடலைக் கடந்தவை. தமிழர் உணவு வரலாறு எழுதும்போது ஒன்றைப் பாரம்பரியம் என்றும் மற்றதைத் தெருத்தீனி என்றும் பிரிப்பது நியாயமில்லை.

கவ்ஸ்வேயின் கதையும் இங்கே உதவும். தேங்காய்ப்பால் குழம்பில் நூடுல்ஸ் போட்ட இந்தப் பர்மியப் பண்டத்தை மேமன் வணிகர்கள் கராச்சிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே ‘காவ்சா’ என்ற பெயரில் ஸ்பகெட்டியிலும் செய்கிறார்கள். மும்பையில் அது வசதியான வீடுகளின் விருந்துச் சாப்பாடு. மணிப்பூரின் எல்லை ஊரான மோரேயில், 1960-களில் பர்மாவுக்கே திரும்பிப் போக முயன்று எல்லையில் தடுக்கப்பட்ட தமிழர்கள் தங்கிவிட்டார்கள். இன்றும் அங்கே தமிழ்ச் சங்கமும் அங்காள பரமேஸ்வரி கோயிலும் இருக்கின்றன. எண்ணூர் அன்னை சிவகாமி நகரிலும் பர்மாவின் பீலிக்கான் முனீஸ்வரருக்குக் கோயில் எழுப்பியிருக்கிறார்கள். சாமியும் சாப்பாடும் சேர்ந்தே இடம்பெயர்ந்திருக்கின்றன.

குடியேறியவர்களின் குடும்பக் கடை ஒரு நகரத்துக்கு என்ன செய்யும் என்பதற்கு அமெரிக்காவில் நன்றாகப் பதிவான ஓர் எடுத்துக்காட்டு உண்டு. கலிபோர்னியாவின் சான் பெர்னார்டினோவில் 1937-ல் லூசியா ரோட்ரிகஸ் என்ற மெக்சிகப் பெண்மணி தொடங்கிய மிட்லா கஃபே இன்றும் அந்தக் குடும்பத்தின் கையில்தான் இருக்கிறது. சுற்றிலும் ரயில்வேயிலும் ஆரஞ்சுத் தோட்டங்களிலும் வேலை செய்த மெக்சிகக் குடும்பங்கள். நகராட்சி நீச்சல் குளத்தில் மெக்சிகரை அனுமதிக்காததை எதிர்த்து வழக்குப் போட்டவர்கள் கூடிப் பேசிய இடங்களில் அதுவும் ஒன்று. 1944-ல் அந்த வழக்கில் வென்றார்கள். தெருவுக்கு எதிர்ப்புறம் ஹாம்பர்கர் கடை வைத்திருந்த கிளென் பெல், மிட்லாவில் விற்ற மொறுமொறு டாகோவைப் பார்த்துக் கற்றுக்கொண்டு 1962-ல் டாகோ பெல் நிறுவனத்தைத் தொடங்கினார். இந்தக் கதையை குஸ்தாவோ அரெயானோ 2012-ல் தன் நூலில் எழுதினார். கடை பிழைத்திருக்க, அதன் பெயரும் வரலாற்றில் நின்றது. சென்னையில் அத்தோவை எந்தப் பெரிய நிறுவனமும் இன்னும் கையில் எடுக்கவில்லை, நல்லதுதான். ஆனால் ஷாப்பிங் மால்களிலும் புறநகர்ச் சாலைகளிலும் ‘பர்மா அத்தோ’ பலகைகள் இப்போது தென்படுகின்றன. கரண்டியால் வாணலியில் புரட்டி, சாஸ் ஊற்றி, சிக்கன் தூவி விற்கிறார்கள். விற்பவர்களில் பலருக்குப் பர்மாவோடு தொடர்பில்லை. உணவு பரவுவதில் எனக்கு வருத்தம் கிடையாது. பரவும் வேகத்தில் அதை உருவாக்கிய குடும்பங்களின் பெயர் அழிந்துபோவதுதான் கவலை.

வடசென்னையிலேயே மூன்றாம் தலைமுறை வேறு வேலைக்குப் போய்விட்டது. பட்டம் படித்த பேரன் பழைய மகாபலிபுரம் சாலைக்கு வேலைக்குப் போகிறான். அவன் போக வேண்டும் என்றுதான் பாட்டி வெங்காயம் உரித்தார். 2021-ல் மெட்ரோ ரயில் விம்கோ நகர் வரை வந்துவிட்டது. நடைபாதை வியாபாரிகளுக்கு 2014-ல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் பாதுகாப்பு தருகிறது, அடையாள அட்டை தருகிறது. ஆனால் அந்த அட்டையில் விற்பவர் பெயரும் இடமும் இருக்கும். அந்தக் கைப்பக்குவம் எந்தக் கப்பலில் வந்தது என்று இருக்காது.

1964-ல் பத்து வயதில் கப்பலேறியவர்கள் இன்று எழுபதைத் தாண்டிவிட்டார்கள். அவர்களிடம் கேட்க வேண்டியவை இருக்கின்றன. ரங்கூனில் எந்தத் தெருவில் அம்மா மொஹிங்கா வாங்கிக் கொடுத்தார்? வீட்டிலேயே செய்தார்களா, பர்மியப் பக்கத்து வீட்டுக்காரியிடம் கற்றார்களா? பாரிமுனையில் முதல் வண்டி எந்த இடத்தில் நின்றது? மைதா நூடுல்ஸை யார் பிழிந்து கொடுத்தார்கள், அதற்குச் செம்மஞ்சள் நிறம் ஏன் வந்தது? தெரு வண்டியில் மீனை விட்டது எப்போது, வீட்டில் இன்னும் மீன் போட்டுத்தான் வைக்கிறார்களா? வறுத்த வெங்காயத்துக்கு எவ்வளவு கூலி கணக்கிட்டார்கள், அல்லது கணக்கிடவே இல்லையா? தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது, சேப்பாக்கத்தில் பல்கலைக்கழகம் இருக்கிறது, கடன் ஏடுகளை வைத்திருக்கும் ரெப்கோ வங்கி இருக்கிறது. ஒரு ஒலிப்பதிவுக் கருவியும் வியாசர்பாடிக்கும் எண்ணூருக்கும் போக இரண்டு மாணவர்களும் இருந்தால் இந்த ஆண்டே தொடங்கிவிடக்கூடிய வேலை இது.